பத்தாம் நம்பர் ஊசி

டெல்லியில் நவம்பர் பிறந்தால் எங்கள் வீட்டுத் தங்கமணி பரணிலிருந்து ஒரு துணிப்பையை இறக்குவார். உள்ளே 9 ஜோடி ஊசி முனைகள், 3 கேபிள்கள், குட்டியாக ஒரு சாவி, சில மூடிகள். கேபிளின் இரண்டு பக்கமும் முனைகளைத் திருகினால் ஸ்வெட்டர் பின்னும் வட்ட ஊசி தயார். வேறு தடிமன் வேண்டுமென்றால் முனையை மட்டும் மாற்றினால் போதும்.

"இத்தனை எதுக்கு?" என்று ஆடிட்டர் தோரணையில் ஒருமுறை கேட்டுவிட்டு, நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9 தடிமன், 60, 80, 100 செ.மீ. என்று 3 நீளம். தனித்தனியாக வாங்கினால் 27 ஊசிகள். இங்கே 9 ஜோடியும் 3 கேபிளும் சேர்ந்து 12 உருப்படிதான். அதோடு, ஒரு ஸ்வெட்டர் பாதியில் நின்றால் முனைகளைக் கழற்றி, கேபிளுக்கு மூடி போட்டு, கண்ணிகளை அப்படியே தூங்க விடலாம். (நம் பாஷையில் டார்மன்ட் அக்கவுண்ட்.) முனைகள் அடுத்த வேலைக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

வட்டமாகப் பின்னுவது பழைய சங்கதி. மாஸ்டர் பெர்ட்ராம் என்ற ஜெர்மன் ஓவியர் 1400-ஐ ஒட்டி வரைந்த படத்தில், மேரி மாதா குழந்தை இயேசுவுக்குச் சட்டை பின்னுகிறார், இரு முனையும் கூரான நான்கு ஊசிகளில். இன்று அது ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்த நான்கு ஊசியின் வேலையை ஒரே ஊசிக்குக் கொண்டுவந்ததுதான் வட்ட ஊசி. அமெரிக்காவில் அதற்கு முதல் காப்புரிமை 1918-இல் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் எஃகுக் கம்பி, பிறகு பிளாஸ்டிக் கேபிள்.

ஆனால் அதைப் பரவலாக்கிய பெருமையில் பெரும்பங்கு எலிசபெத் ஸிம்மர்மன் என்ற அம்மையாருக்கு. இங்கிலாந்தில் 1910-இல் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, 1999-இல் மறைந்தவர். 1971-இல் வந்த இவருடைய 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' புத்தகம் பின்னுபவர்களிடையே இன்றும் பிரபலம். உடம்பைக் குழாய் மாதிரி சுற்றிப் பின்னினால் பக்கத் தையலே வேண்டாம் என்பது இவர் கட்சி. தட்டையாகப் பின்னவும் வட்ட ஊசியையே எடுக்கச் சொன்னார். நேர் ஊசியில் முழு ஸ்வெட்டரின் பாரமும் மணிக்கட்டில் தொங்கும். வட்ட ஊசியில் பாரம் மடியில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டிக்கு மணிக்கட்டு வலி வந்தபோது தங்கமணி பரிந்துரைத்ததும் இதைத்தான்.

வட்ட ஊசிக்கு உயிர்நிலை, முனையும் கேபிளும் சேரும் இடம். அங்கே மயிரிழை மேடு இருந்தாலும் நூல் மாட்டும். முனை மாற்றும் ஊசியில் கூடுதல் தலைவலி, திருகு தளர்வது. சாவி போட்டு இறுக்காத ஒரு ராத்திரி, 180 கண்ணிகள் மடியில் கொட்டின. அன்றைக்கு நான் டீ போட்டேன், வேறென்ன செய்ய? ஜெர்மனியின் ஆல்டேனா ஊரில் 1829-இலிருந்து இருக்கும் ஆடி நிறுவனம், இதற்காகவே அழுத்தித் திருகினால் பூட்டிக்கொள்ளும் வகை ஒன்றைச் செய்கிறது. எங்கள் பையில் இருப்பது நிட்ப்ரோ. பிர்ச் மரத்தை மெல்லிய தகடுகளாக்கி, சாயமேற்றி ஒட்டிய வண்ண முனைகள். ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்திருந்தேன், பக்கத்து நொய்டாக்காரர்கள் செய்வதாம்!

அந்த ஆல்டேனா, கம்பி இழுக்கும் தொழிலுக்குப் பேர்போன ஊர். கம்பிக்கென்றே ஒரு மியூசியம் உண்டு. ஊசி நம்பரின் புதிரும் கம்பியில்தான் இருக்கிறது. கம்பியைத் துளை துளையாக இழுக்க இழுக்க மெலியும், நம்பர் ஏறும். பிரிட்டனில் 1884-இல் அமலுக்கு வந்த கம்பி கேஜ்படி 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் பின்னல் ஊசியில் 10-ஆம் நம்பரும் அதேதான். கோயமுத்தூரில் மோட்டார் வைண்டிங் செய்பவர் கேட்கும் அதே கேஜ் நம்பர்! ஆன்ட்டி "தஸ் நம்பர் சலாயி" என்பதும் இதையே. அமெரிக்க நம்பரோ தலைகீழ், தடிமன் கூடினால் நம்பரும் கூடும். அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ., பிரிட்டிஷ் 8 என்றால் 4. இது தெரியாமல் அமெரிக்கப் புத்தகம் பார்த்துப் பின்னிய முதல் ஸ்வெட்டர் எனக்கென்று ஆரம்பித்து, என் பையனுக்குப் போய்ச் சேர்ந்தது.

பையில் முனை கழற்ற முடியாத ஊசி ஒன்றும் உண்டு. போனி, 10-ஆம் நம்பர், 40 செ.மீ. குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் வரும் கேத்தியில், நீடில் இண்டஸ்ட்ரீஸ் தயாரிப்பு. கம்பெனிச் சட்டம் படித்தவர்களுக்குப் பெயர் சட்டென்று பிடிபடும். 1949-இல் இங்கிலாந்தின் ஸ்டட்லி ஊசிக் கம்பெனியின் கிளையாகத் தொடங்கியது. 1973-இன் அந்நியச் செலாவணிச் சட்டம் வந்தபோது வெளிநாட்டார் கையில் கிட்டத்தட்ட 60 சதவீதம். அதை 40-க்குக் குறைக்க வேண்டும். 1977-இல் 16,000 உரிமைப் பங்குகளை வெளியிட்டார்கள். கடிதம் தாமதமாகத் தபாலில் சேர்ந்ததால், இங்கிலாந்துக்காரர்களுக்கு யோசிக்கவே நேரமில்லை. பங்குகள் இந்தியத் தரப்புக்குப் போயின. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை வந்தது. 1981-இல் தலைமை நீதிபதி சந்திரசூட் தீர்ப்பு: இது அடக்குமுறை ஆகாது, வெளியீடு செல்லும். ஆனால் 190 ரூபாய் பெறுமான பங்கு 100 ரூபாய்க்குப் போனதால், ஒரு பங்குக்கு 90 வீதம் 9,495 பங்குகளுக்கு 8,54,550 ரூபாயை இங்கிலாந்துத் தரப்புக்குக் கொடுக்க வேண்டும். பரீட்சைக்கு நெட்டுருப் போட்டபோது, அவர்கள் செய்யும் ஊசி என் வீட்டுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

"அதான் செட் இருக்கே, இது எதுக்கு?" என்றேன் போன வாரம். கழுத்துப்பட்டிச் சுற்றளவு சின்னது. செட்டின் முனைகள் அதற்கு ரொம்ப நீளம், வளையாதாம். வெந்நீரில் முக்கிக் கேபிளை நீவிவிட்டு, போனியில் 96 கண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார்.