களத்து நெல்லும் ஊர்க்காவலும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஊர்க்காவல் என்றதும் இன்று பலருக்கும் திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடித்து நிற்கும் ஊர்க்காவல் படை இளைஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். நம் மாநிலத்தில் அந்தப் படைக்கான சட்டம் 1963-இல் வந்தது. ஆனால் தஞ்சைச் சீமையில் ஊர்க்காவல் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். காவல் பார்த்தது யார், கூலி அளந்தது யார், காக்கப்பட்டது யார்? இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

பெரிய கோயிலில் தொடங்கலாம். அங்கே ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் 'திருமெய்காப்பு' என்றொரு வேலை வருகிறது. கோயிலைக் காவல் காப்பவர்கள் இவர்கள். எந்த ஊர் எத்தனை ஆள் அனுப்ப வேண்டும் என்று ஊர் ஊராகப் பட்டியல் வெட்டியிருக்கிறார்கள். ஒரு காவலருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளந்து, அவரை அனுப்பிய ஊராரே கொடுக்க வேண்டும். காவல் கோயிலுக்கு, கூலி ஊரார் பொறுப்பு.

ஊர்களின் காவலுக்குப் 'பாடிகாவல்' என்று பெயர். சோழர் கால வரிப் பட்டியல்களில் இந்தச் சொல் அடிக்கடி வரும். சோழப் பேரரசு தளர்ந்த பிறகு, பக்கத்துப் புதுக்கோட்டைப் பகுதியில் ஊரார் தங்கள் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு விற்றுக்கொடுத்த கல்வெட்டுகளும் இருக்கின்றன. அரசன் கை தளர்ந்தால் அருகில் ஆயுதம் வைத்திருப்பவரிடம் காவல் போய்விடும் என்பதற்கு அவை சாட்சி.

நம் டெல்டாவில் காவலின் தேவை அறுவடையில்தான் அதிகம். கதிர் அறுத்து, கட்டுக்கட்டி, களத்தில் அடித்து, தூற்றிக் குவித்த நெல் திறந்த வெளியில் கிடக்கும். குவியல் மேல் சாணிப்பால் தெளித்துக் குறியிடுவார்கள். ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் களத்துக்குக் காவல் இருந்தவர் தலையாரி. நெல் வீட்டுக்குப் போகும் முன்பே தலையாரி, வெட்டியான் முதலிய ஊர்ப் பணியாளர்களுக்கு உரிய பங்கை அளந்துவிடுவார்கள். அந்தப் பங்குக்குப் பெயர் என்ன தெரியுமா? 'சுதந்திரம்'! பிற்காலத்தில் நாடே கேட்ட சொல், அன்று களத்து மேட்டில் மரக்காலால் அளக்கப்பட்டது.

பழைய காவல் முறையில் ஒரு நல்ல அம்சம் உண்டு. களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அதன் மறுபக்கம் 'துப்புக்கூலி'. காணாமல் போன மாட்டைத் துப்புச் சொல்லி மீட்டுக்கொடுக்க வாங்கும் பணம் அது. சில இடங்களில் மாட்டை ஓட்டிப்போனவரும் துப்புச் சொன்னவரும் ஒரே கூட்டமாக இருந்ததும் உண்டு.

1799-இல் தஞ்சை நிர்வாகம் இரண்டாம் சரபோஜியிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போனது. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் போலீஸ் அதிகாரத்தைக் கலெக்டர், தாசில்தார், ஊர்த்தலைவர் என்று வரிசையாக ஒப்படைத்தது. ஊர்த்தலைவரை நம் பக்கம் பட்டாமணியார் என்போம். வரி வசூலிப்பவரே போலீஸ்! அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். வசை, கைகலப்பு போன்ற சிறு குற்றங்களுக்கு ஊர்த்தலைவரே தண்டனை தரலாம். மற்றவர்களைச் சாவடியில் அடைத்து வைக்கலாம். 'கீழ்ச்சாதி' என்று சட்டம் குறித்தவர்களைத் தொழுமரத்தில் மாட்டலாம். குற்றம் ஒன்று, சாதிக்கேற்பத் தண்டனை வேறு. இது ஊர் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. அச்சடித்த சட்டமாகவே இருந்தது.

வரியும் போலீசும் ஒரே கையில் இருந்ததன் விளைவு 1855-இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. விரல்களை நசுக்கும் 'கிட்டி', உடம்பை வளைத்துக் கட்டும் 'அண்ணாந்தாள்' என்ற தமிழ்ச் சொற்கள் இங்கிலாந்து வரை போனது அந்த அறிக்கையால்தான். அதன்பின் 1859-இல் 24-ஆம் சட்டம் வந்தது. போலீஸ் தனித் துறையானது. ராபின்சன் அதன் முதல் தலைவர். இனிச் சம்பளம் அரசாங்கத்தினுடையது, களத்து நெல் இல்லை.

ஆனாலும் ஊருக்குள் பட்டாமணியாரும் தலையாரியும் தொடர்ந்தார்கள். பட்டாமணியார் பெரும்பாலும் மிராசுதார் வீட்டுக்காரர். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழிக்கும் வரை இதுதான் நிலை.

இடையில் 1968 டிசம்பர் 25 வந்தது. அன்று ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். ஆயிரம் ஆண்டாக நெல்லுக்குக் காவல் போட்ட சீமை இது. அந்த நெல்லை அறுத்தவர்களுக்கு அன்றிரவு காவல் இல்லை.

பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 1993-இல் ராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளர் பிரதீப் பிலிப் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். காவல் நிலையமும் மக்களும் நெருங்க வேண்டும் என்ற நல்ல எண்ணம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்தத் தொண்டர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது.

இப்போது நம் கடற்கரை ஊர்களைப் பாருங்கள். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையைப் பார்க்க ஆண்டு முழுவதும் வருகிறார்கள். இத்தகைய ஊர்களுக்குத் தெரு அறிந்த, முகம் அறிந்த காவல் கட்டாயம் தேவை. வெளியூரிலிருந்து வந்த போலீஸ்காரருக்குத் தெரியாதது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். ஆனால் விடுதிக்காரர் காசில் வைத்த கேமரா விடுதி வாசலைத்தான் பார்க்கும். மீனவர் தெருவில் திருடு போன வலையை அது பார்க்காது.

ஊரை அறிந்த காவல் நல்லதுதான். கூலி அளக்க முடியாதவரும் அந்தக் காவலை நிறுத்திக் கேள்வி கேட்க முடிய வேண்டும். நம் வரலாற்றில் விடுபட்டது அந்த ஒன்றுதான்.

உங்கள் ஊரில் தலையாரிக்கு எவ்வளவு நெல் அளந்தார்கள்? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அந்தக் காவல் எந்தெந்தத் தெரு வரை வந்தது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.