மாயா (இசைத்தொகுப்பு)

மாயா என்பது ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட பிரித்தானியப் பாடகர் எம்.ஐ.ஏ. 2010 ஆம் ஆண்டு சூலை மாதம் வெளியிட்ட மூன்றாவது இசைத்தொகுப்பு ஆகும். மாதங்கி அருள்பிரகாசம் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் வீட்டில் அழைக்கப்படும் பெயரே தொகுப்பிற்கும் இடப்பட்டது. முந்தைய இரு தொகுப்புகளின் ஆட்ட இசையிலிருந்து விலகி, இயந்திர ஓசைகளும் இரைச்சலும் நிறைந்த இன்டஸ்ட்ரியல் இசையின் பக்கம் இத்தொகுப்பு நகர்ந்தது.

பின்னணி

எம்.ஐ.ஏ. 1975 இல் இலண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பத்துடன் யாழ்ப்பாணம் சென்று, உள்நாட்டுப் போர் காரணமாக 1980களில் ஏதிலியாக இலண்டன் திரும்பினார். 2005 இல் வெளிவந்த முதல் தொகுப்பு, ஈரோஸ் இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான தந்தையின் பெயரால் அருளர் எனப்பட்டது. ரோலண்ட் எம்.சி.-505 என்னும் ஒரு சிறிய தாளக் கருவியைக் கொண்டே அதன் பாடல்கள் பெரும்பாலும் உருவாயின.

2007 இல் வெளிவந்த இரண்டாவது தொகுப்பு தாயின் பெயரால் கலா எனப்பட்டது. அமெரிக்க விசா கிடைப்பதில் ஏற்பட்ட சிக்கலால் அது இந்தியா, திரினிடாட், ஆத்திரேலியா உள்ளிட்ட பல நாடுகளில் பதிவு செய்யப்பட்டது. சென்னையில் பதிவான "பேர்ட் ஃப்ளூ", "பாய்ஸ்" ஆகிய பாடல்களில் தமிழகக் கோவில் திருவிழாக்களில் ஒலிக்கும் உறுமி மேளம் முதன்மை இடம் பெற்றது. அதே தொகுப்பின் "பேப்பர் பிளேன்ஸ்" 2008 இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4 ஆம் இடத்தை எட்டியது.

மாயா உருவான சூழல் இதற்கு நேர்மாறானது. நாட்டை விட்டு வெளியேறினால் மீண்டும் நுழைய அனுமதி கிடைக்காது என்ற அச்சத்தில் அவர் அமெரிக்காவிலேயே தங்கினார். தொகுப்பின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள அவரது வீட்டில் பதிவானது. 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிவுக்கு வந்தது. அதன் இறுதி மாதங்களில் தமிழர் நிலை குறித்து மேலைநாட்டு ஊடகங்களில் அவர் தொடர்ந்து பேசினார். உலகத்துடன் அவருக்கிருந்த தொடர்பு பெரிதும் இணையம் வழியானதாகவே இருந்தது. இணையமே தொகுப்பின் கருப்பொருளும் ஆயிற்று.

இசை மாற்றம்

இன்டஸ்ட்ரியல் இசை 1970களில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு வகையாகும். த்ராப்பிங் கிரிசில் என்னும் குழு 1976 இல் தொடங்கிய இன்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திலிருந்து இப்பெயர் வந்தது. தொழிற்சாலை ஓசை, சிதைக்கப்பட்ட குரல், திரும்பத் திரும்ப வரும் தாளம் ஆகியன இதன் இயல்புகள். இனிமையைத் தருவதை விட, கேட்பவரை நிலைகுலையச் செய்வதே இதன் நோக்கம் எனலாம்.

மாயாவில் இவ்வியல்புகள் பலவற்றைக் காணலாம். "ஸ்டெப்பின் அப்" பாடலில் துளையிடும் இயந்திரத்தின் ஓசையே தாளத்துடன் இழைகிறது. "போர்ன் ஃப்ரீ" பாடல், சூசைட் என்னும் நியூயார்க் இரட்டையரின் "கோஸ்ட் ரைடர்" (1977) பாடலிலிருந்து எடுத்த ஒலித்துணுக்கின் மீது கட்டப்பட்டது. "மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்" பாடலில் சிலே பெல்ஸ் குழுவின் டெரிக் மில்லர் அமைத்த கரகரப்பான கிதார் ஒலி உண்டு. ரஸ்கோ, பிளாக்ஸ்டார், சுவிட்ச், டிப்லோ ஆகியோரும் தயாரிப்பில் பங்கேற்றனர்.

எனினும் தொகுப்பு முழுவதும் இரைச்சல் அன்று. "எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஓ" எளிய பாப் பாடல். "இட் டேக்ஸ் எ மசில்" நெதர்லாந்துக் குழுவான ஸ்பெக்ட்ரல் டிஸ்ப்ளேயின் பழைய பாடலின் மறுஆக்கம். கலாவில் மனிதக் கைகள் அடித்த தோற்கருவிக்கு இருந்த இடம் மாயாவில் இயந்திரத்திற்குச் சென்றது. ஆனால் தாளமே பாடலை நடத்திச் செல்லும் முறை மாறவில்லை.

பாடல்கள்

1. த மெசேஜ்
2. ஸ்டெப்பின் அப்
3. எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஓ
4. டெக்கீலா
5. லவலாட்
6. ஸ்டோரி டு பி டோல்ட்
7. இட் டேக்ஸ் எ மசில்
8. இட் இஸ் வாட் இட் இஸ்
9. போர்ன் ஃப்ரீ
10. மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்
11. டெல் மீ வை
12. ஸ்பேஸ்

கருப்பொருளும் சர்ச்சையும்

தொகுப்பின் அட்டையில் பாடகரின் முகம் யூடியூப் நிகழ்படங்களின் ஓட்டப்பட்டைகளால் பெரிதும் மறைக்கப்பட்டுள்ளது. முதற்பாடலான "த மெசேஜ்" கூகுள் நிறுவனத்திற்கும் அரசுக்கும் தொடர்பு உண்டு என்று கூறுகிறது.

2010 ஏப்ரலில் வெளியான "போர்ன் ஃப்ரீ" நிகழ்படத்தை ரோமன் காவ்ரா இயக்கினார். செந்நிற முடி உடையவர்களைப் படையினர் வளைத்துப் பிடித்துக் கொல்வதாக அது சித்திரித்தது. இனப்படுகொலை பற்றிய உருவகமான அந்நிகழ்படத்திற்கு வன்முறைக் காட்சிகள் காரணமாக யூடியூப் கட்டுப்பாடு விதித்தது.

வரவேற்பு

தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 9 ஆம் இடத்தையும் பிரித்தானியப் பட்டியலில் 21 ஆம் இடத்தையும் எட்டியது. விமர்சகர்கள் இரு கூறாகப் பிரிந்தனர். துணிவான முயற்சி என்று சிலர் பாராட்டினர். மெட்டுகள் இரைச்சலில் மூழ்கிவிட்டன என்றும் அரசியல் கருத்துகள் மேலோட்டமானவை என்றும் பிறர் குறை கூறினர்.

2013 சூனில் அமெரிக்க உளவு நிறுவனத்தின் இணையக் கண்காணிப்பை எட்வர்ட் சுனோடன் வெளிப்படுத்தினார். மிகை என்று 2010 இல் ஒதுக்கப்பட்ட "த மெசேஜ்" பாடலின் ஐயம் அதன்பின் வேறு விதமாகப் பார்க்கப்பட்டது. எம்.ஐ.ஏ. 2010 டிசம்பர் 31 அன்று விக்கி லீக்ஸ் என்னும் பாடற்கலவையை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். அடுத்த முழுத்தொகுப்பான மாதங்கி 2013 நவம்பரில் வெளிவந்தது.