காப்பீட்டு அட்டைக்கு வெளியே நிற்கும் மருத்துவச் செலவு

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் படுகாயமுற்ற வேளாண் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின. முடிவில் அவர் தனியார் மருத்துவமனையில் ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவழித்துச் சிகிச்சை பெற்றார். அவரும் அவருடைய சங்கமான பச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதியும் தொடுத்த வழக்கில், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டதோடு, நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு இக்கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் கூறியது.

உரிமை உறுதியானது, செலவு குறைந்தபாடில்லை. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றின்படி (2017–18), மகப்பேறு நீங்கலாக, ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்வதற்கு அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாயும் தனியாரில் 31,845 ரூபாயும் செலவாயின. அதாவது தனியாரில் ஏழு மடங்கு. கட்டணமில்லை எனப்படும் இடத்திலும் ஏழையின் கை வெறுமையாகவே திரும்புகிறது.

இதற்கு விடையாக அரசுகள் காப்பீட்டை முன்வைக்கின்றன. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், இந்திய அளவில் 2018இல் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் வந்தன. இவை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரை, புறநோயாளிக் கட்டணம், பேருந்துச் செலவு, இழந்த கூலி ஆகியவை அட்டைக்கு வெளியே நிற்கின்றன. நிலமோ சேமிப்போ இல்லாத தலித் கூலிக் குடும்பத்தில் நோய் வந்த அன்றே வருமானம் நிற்கிறது, கடன் தொடங்குகிறது.

மாற்று வழி நம்மிடமே உண்டு. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. தனியாருக்குக் காப்பீட்டுப் பணம் செலுத்துவதைவிட இத்தகைய பொது அமைப்புகளை வலுப்படுத்துவதே நமது கோரிக்கையாக வேண்டும்.

அதனை நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே தொடங்கலாம். எந்த மருந்து இருப்பில் இல்லை, எத்தனை பணியிடங்கள் காலியாக உள்ளன எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்போம். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர்க்கு அதற்குக் கட்டணமில்லை.