கேழ்வரகும் நம் அடுக்களையும்

தமிழன் குடிபெயருங்கால் மொழியோடு தன் அடுக்களையையும் உடன்கொண்டு செல்வான். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்த பின்னர், படைவீரராகவும் வணிகராகவும் உழைப்பாளராகவும் தமிழர் பலர் இங்குப் போந்தனர். கூழும் களியுமாக நம்மவர் ஊரில் உண்ட கேழ்வரகே, இம்மண்ணில் ‘ராகி’ என்னும் பெயரோடு முத்தையாக உருண்டு வட்டிலில் இருந்தது.

கேழ்வரகும் நம்மைப் போல் குடிபெயர்ந்து வந்ததே! கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் தோன்றி, ஆயிரக்கணக்கான ஆண்டுகட்கு முன் பாரதம் புகுந்த பயிர் அது. கன்னட நாட்டு அறிஞர் இலட்சுமணையா இந்திய, ஆப்பிரிக்க வகைகளைக் கலந்து உருவாக்கிய ‘இண்டாஃப்’ இனங்கள் 1970-களில் பரவி விளைச்சலைப் பெருக்கின.

நாமோ, அரிசிச் சோறே மதிப்பென எண்ணிக் களியை ஏழையர் உணவென ஒதுக்கினோம். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியிலோ ஏறத்தாழ 10 மில்லிகிராமே. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐ அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இன்று நம் பாட்டியர் உணவே, சர்க்கரை கலந்து, வண்ணப் பொட்டலங்களில் விலையேறி நம் வாயிலுக்கு வருகின்றது.

அன்பர்களே! கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கி வைத்தல் அரிய செயலன்று. வாரத்தில் இருநாளேனும் கூழோ அடையோ இல்லத்திலேயே சமைப்போம். இது மகளிர்க்கு மட்டும் உரிய கடனன்று; ஆடவரும் களி கிண்டக் கைகொடுக்கட்டும். நம் பிள்ளைகள் களியைப் பெயரளவில் மட்டும் அறிந்து வளர விடலாகாது.