ஈறோரப் பள்ளத்துக்கு வந்த சிமெண்ட்

"தண்ணி பட்டா சுரீர்னு இழுக்குது டாக்டர், சொத்தைதான் போல" என்று திண்டுக்கல்லில் பல் காட்ட வருபவர்களில் பலருக்குச் சொத்தையே இருக்காது. மரத்தில் அரிவாள் கொத்திய தடம்போல, ஈறை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கும். உமிக்கரி, செங்கல் தூள் காலம் போய், முரட்டு பிரஷ்ஷைக் குறுக்கே இழுக்கும் காலம் வந்தும் பள்ளம் விழுவது நிற்கவில்லை. அங்கே எனாமல் மெல்லியது. அது தேய்ந்தால் உள்ளிருக்கும் மென்மையான டென்டின் வெளியே தெரியும், பல் கூசும். சொத்தைக்குக் கிருமியே காரணம் என்று விளக்கிப் பெயர்பெற்ற மில்லர்தான், 1907இல், இந்தத் தேய்மானத்துக்குப் பல்பொடியைக் குற்றவாளி ஆக்கினார்.

அடைப்பதில்தான் சிக்கல். வெள்ளி அடைப்பு பல்லில் ஒட்டாது. அது நிற்க வேண்டுமானால் உள்ளே அகலமாகக் குடைய வேண்டும். தேய்ந்த பல்லில் மிச்சமிருக்கும் நல்ல பகுதியையும் வெட்டுவது வைத்தியமா? பல் நிறத்தில் இருந்த சிலிகேட் சிமெண்டும் ஒட்டவில்லை, எச்சிலில் கரைந்தது. ஆனால் அதன் கண்ணாடித் தூளிலிருந்து ஃப்ளூரைடு கசிந்ததால், அதைச் சுற்றிச் சொத்தை வருவது அரிது. 1955இல் அமெரிக்காவின் புவோனோகோர், பாஸ்பாரிக் அமிலம் தடவினால் எனாமலில் பிசின் பிடிக்கும் என்று காட்டினார். டென்டினுக்கு அந்த வழி அப்போது உதவவில்லை.

1968இல் மான்செஸ்டரின் டென்னிஸ் ஸ்மித், துத்தநாக ஆக்சைடை பாலிஅக்ரிலிக் அமிலத்தில் குழைத்தார். அந்த அமிலம் பல்லின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது. சிமெண்ட் ஒட்டியது, ஆனால் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துத் தெரிந்தது. லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தின் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் சிலிகேட்டின் கண்ணாடியையும் ஸ்மித்தின் அமிலத்தையும் சேர்த்தார்கள். சொல்வதற்குச் சுலபம், கலவை இறுகவே மறுத்தது. பலவீனமான அந்த அமிலமும் கரைக்கும்படி கண்ணாடியில் அலுமினாவின் விகிதத்தைக் கூட்டினார்கள். கரைந்து வந்த கால்சியமும் அலுமினியமும் அமிலத்தின் நீண்ட சங்கிலிகளைப் பிணைத்தன. 1969இல் பிறந்தது கிளாஸ் அயனோமர்.

அப்போதும் நிதானமாகத்தான் இறுகியது. வாயைத் திறந்தபடி யார் காத்திருப்பார்? வில்சனும் சக ஆய்வாளர் கிரிஸ்ப்பும் டார்டாரிக் அமிலம் சேர்த்ததும் குழைக்க அவகாசமும் கிடைத்தது, பிறகு சட்டென்று இறுகவும் செய்தது. நம் புளியிலும் சின்னாளப்பட்டிப் பக்கத்துத் திராட்சையிலும் இருப்பது அதே அமிலம்தான். அடிக்கடி பட்டால் பல்லை அரிக்கும் புளிப்பு இங்கே பல்லுக்கு வேலை செய்கிறது!

பல் மருத்துவர் ஜான் மெக்லீனும் வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரைகளில் ஒன்று முழுக்க இந்த ஈறோரத் தேய்மானத்துக்கே. பல்லைக் குடைய வேண்டாம், சுத்தம் செய்து அப்பினால் போதும் என்பதுதான் இந்தச் சிமெண்டின் பெருமை. பிறகு நீல ஒளியில் இறுகும் கலப்பு வகைகள் வந்தன. கண்ணாடிபோல மின்னும் காம்போசிட் என்ற பிசின் அடைப்பு அழகில் முந்துகிறது. ஈறோரத்தில் விழாமல் நிற்பதில் கிளாஸ் அயனோமருக்கே இன்றும் நல்ல பெயர். பழைய வகையை அடைத்ததும் அதன்மேல் வார்னிஷோ வாஸ்லினோ பூசுவார்கள். முதல் சில மணி நேரம் ஈரம் பட்டாலும், காய்ந்துபோனாலும், அதற்கு ஆகாது.