குறும்பூழும் கைச்சுற்று உருளையும்

அவித்த காடைமுட்டையை உரித்துப் பார்த்தவர்கள் அறிவர்: அவிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும், உரிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு கோழிமுட்டையின் எடைக்கு ஏறத்தாழ ஐந்து காடைமுட்டைகள் வேண்டும். அங்கே ஒருமுறை செய்யும் வேலையை இங்கே ஐந்துமுறை செய்ய வேண்டியுள்ளது. இவ்வளவு சிறிய முட்டை நம் உணவில் எப்படி இடம்பெற்றது?

பழந்தமிழர்க்குக் காடை புதிய பறவையன்று. 'குறும்பூழ்' என்பது அதன் சங்ககாலப் பெயர். கலித்தொகையின் மருதக்கலியில், பரத்தையர் வீடு சென்று திரும்பிய தலைவன், தான் குறும்பூழ்ப் போர் பார்த்து வந்ததாகச் சாக்குச் சொல்கிறான். கோழியைப் போலவே காடையையும் மோதவிட்டுக் களித்தனர் என்பது இதனால் விளங்கும். ஆயினும், அது வயற்காட்டில் வாழ்ந்த பறவை.

நம் நிலத்துக் காடையினம் ஒன்றின் அறிவியற் பெயர் 'கோட்டூர்னிக்ஸ் கோரமண்டெலிக்கா'. 'கோரமண்டல்' என்பது சோழமண்டலக் கரையே. கடலூரும் நெய்வேலியும் முத்தாண்டிக்குப்பமும் அக்கரையை ஒட்டிய நிலப்பகுதியைச் சார்ந்தவை. ஆனால், இன்று கடைகளில் விற்கும் முட்டை இப்பறவையுடையதன்று, ஜப்பானியக் காடையுடையது. இனிய குரலுக்காக ஜப்பானியர் வளர்த்த இப்பறவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டைக்கான பறவையாயிற்று. இரண்டாம் உலகப்போரில் பெரிதும் அழிந்து, போருக்குப்பின் மீண்டும் பெருகியது. 1974-இல் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப்பிரதேசத்தின் இசட்நகருக்கு வந்தது. ஏழு வார வயதுக்குள் முட்டையிடத் தொடங்கும் இயல்பால் பண்ணையாளர்களைக் கவர்ந்தது.

முட்டை பெருகியதும் உரிக்கும் கைகள் போதவில்லை. கைச்சுற்றுக் கருவி இந்நிலையில் உதவுகிறது. சற்றே சாய்ந்த இரண்டு உருளைகள், அவற்றின்மீது வரிவரியான ரப்பர், பக்கத்தில் ஒரு கைப்பிடி, மேலிருந்து சொட்டும் நீர். இவ்வளவே அதன் அமைப்பு. ஓடு விரிசலுற்ற முட்டை உருளைகளின் நடுவே சுழல்கிறது. வரிகள் ஓட்டைக் கவ்விக் கீழே இழுக்க, வெண்முட்டை சரிந்து இறங்குகிறது. புதிதாய் இட்ட முட்டையானால் வெள்ளைக்கரு சவ்வோடு ஒட்டிக் கிழியும். சில நாள் கழிந்தால் கரியமிலவாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, ஓடு எளிதில் கழலும். எந்த முட்டையை உருளையில் இடுவது என்பதை மனிதர்தான் அறிய வேண்டும்.

முத்தாண்டிக்குப்பத்தைச் சூழ்ந்த முந்திரி வட்டாரத்தார்க்கு இவ்வுண்மை நன்கு தெரியும். முந்திரிக்கொட்டையை உடைக்கக் கையாலும் காலாலும் இயக்கும் கருவி உண்டு. எனினும், பருப்பு உடையாமல் வருவது இயக்குபவரின் கைப்பதத்தைப் பொறுத்தது. உடைந்த பருப்புக்கு விலை குறைவு. கொட்டையின் எண்ணெயோ விரல்களைப் புண்ணாக்குவது.

பறவை வந்த வழியும் முட்டையின் எடையும் ஏடுகளில் பதிவாகின்றன; உரித்த விரல்களைப் பற்றிய குறிப்பு அரிது. ஒரு சிறு கைப்பிடி குறைப்பது நேரத்தை மட்டுமன்று, அவ்விரல்களின் நோவையுங்கூட. அதனையும் உணவு வரலாற்றின் ஒரு பக்கமாக நாம் எழுதிவைக்க வேண்டும்.