நாவல் எழுத உட்காரும் நேரம்

தலித் இலக்கியக் கூட்டங்களில் நாம் அழகியல் பற்றிப் பேசுகிறோம், மொழி பற்றிப் பேசுகிறோம். கெட்ட வார்த்தை இருக்கலாமா கூடாதா என்று முப்பது வருஷமாகச் சண்டை போட்டாயிற்று. யார் எழுதினால் தலித் இலக்கியம் என்கிற வழக்கும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் ஒரு கேள்வியை மேடையில் யாரும் எழுப்பி நான் கேட்டதில்லை. நானூறு பக்கம் எழுத வேண்டிய நேரம் இந்த ஆளுக்கு எங்கிருந்து கிடைத்தது? அந்த நேரத்தில் அந்த வீட்டில் அடுப்பெரித்தது யார்?

பாட்டைக் களைக்காட்டில் குனிந்த வாக்கிலேயே கட்டிவிடலாம். எங்க ஆயாக்கள் அப்படித்தான் கட்டினார்கள். ஒப்பாரியை அழுதுகொண்டே கட்டலாம். சிறுகதைக்கு ரெண்டு ராத்திரி கண் முழித்தால் போதும். நாவல் அப்படிப்பட்ட சரக்கு இல்லை. அது உட்கார்ந்தால்தான் நடக்கும். இன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே நாளைக்கும் உட்கார வேண்டும், மாசக் கணக்கில். கூலிக்குப் போகிறவனுக்கு நாளைக்கு எந்தக் காடு என்றே தெரியாது. இவன் எங்கே உட்காருவது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நம் நாவல் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் ஒரு உண்மை பளிச்சென்று தெரிகிறது. எங்கள் பெரம்பலூரிலிருந்தே தொடங்குகிறேன். ப. சிவகாமி 1957ல் பெரம்பலூரில் பிறந்தவர். அப்பா பழனிமுத்து சுயேச்சை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். 1980ல் ஐ.ஏ.எஸ். ஆனார். 1989ல் 'பழையன கழிதலும்' வந்தது. அப்போது பெரம்பலூர் தனி மாவட்டம்கூட இல்லை, திருச்சியோடு கிடந்தது. மாவட்டமானது 1995ல். அரியலூர் 2001ல் பிரிந்து, 2002ல் மறுபடி ஒட்டவைக்கப்பட்டு, 2007ல் திரும்பப் பிரிந்தது. பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. 'பிறகு' 1979ல் வந்தது. (தலித் எழுத்தாளர் என்ற பெயரை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. அது அவர் உரிமை. நான் இங்கே சம்பளத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.) எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டினால் திட்டக்குடி, கழுதூர்ப் பக்கம், அந்த மண்ணைச் சேர்ந்த இமையம் பள்ளி ஆசிரியர். 'கோவேறு கழுதைகள்' 1994. பாமாவும் ஆசிரியர். 'மலரும் சருகும்' எழுதிய டி. செல்வராஜ் வக்கீல்.

ஆக, தமிழில் தலித் நாவல் என்பது பெரும்பாலும் மாதச் சம்பளத்தின் மேல் எழுந்த கட்டடம். முதல் தேதி சம்பளம் வந்தால்தான் பதினைந்தாம் தேதி ராத்திரி மேசை முன்னால் மனசு நிற்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில் பெரும்பங்கு இட ஒதுக்கீட்டின் வழியாக வந்தது, அதற்குப் பின்னால் அம்பேத்கர் இருக்கிறார். இட ஒதுக்கீட்டால் என்ன விளைந்தது என்று கேட்கிறவர்களுக்கு ஆபீசர்களின் பட்டியலைக் காட்டுவதைவிட இந்த நாவல்களின் பட்டியலைக் காட்டலாம். ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. சம்பளம் வராத சேரியின் கதையைச் சம்பளம் வாங்குகிறவர் வந்துதான் எழுத வேண்டியிருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் பத்துப் பேரில் மூன்று பேர் நம் ஆட்கள். 2011 கணக்கு அதைத்தான் சொல்கிறது. அந்த மூன்று பேரில் எத்தனை பேருக்கு மேசை இருக்கிறது?

சம்பளம் இல்லாமல் நாவல் எழுதப்படவே இல்லையா? எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்களின் சரித்திரம்தான் நமக்குப் பாடம்.

யாழ்ப்பாணத்து கே. டானியல் சலவைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். கராஜ் வைத்துப் பிழைத்தவர். கம்யூனிஸ்ட் கட்சியிலும் பிறகு 1967ல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்திலும் நின்றவர். தேநீர்க் கடைக்குள் உட்கார்ந்து டீ குடிக்கவும் கோயிலுக்குள் நுழையவும் அந்த மக்கள் அடிபட்டு, வெட்டுப்பட்டுப் போராடிய காலம் அது. 'பஞ்சமர்' 1972ல் வந்தது. அதன் பாத்திரங்கள் அவர் தனியறையில் கற்பனை பண்ணிய ஆட்கள் இல்லை. ராத்திரிக் கூட்டம் முடிந்து அவரோடு நடந்து வந்த ஆட்கள். இயக்கம் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கதை கொடுத்தது, கேட்க ஆள் கொடுத்தது, எழுதி முடித்தே ஆகவேண்டும் என்கிற நெருக்குதலைக் கொடுத்தது. 1986 மார்ச்சில் அவர் இறந்தது தஞ்சாவூரில், தமிழ்நாட்டுத் தோழர்களின் மத்தியில். கொள்ளிடத்தைத் தாண்டினால் எங்கள் அரியலூர். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது என்பதை என்ன சொல்ல.

இன்னொருவர் மராத்தியின் அண்ணாபாவ் சாத்தே. மாங் சாதி. பஞ்சம் பிழைக்க பம்பாய்க்குப் போய் ஆலை வேலை, கூலி வேலை என்று கிடந்தவர். 1944ல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரோடு சேர்ந்து 'லால் பாவ்டா' கலைக்குழு தொடங்கினார். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளின் முற்றங்களில் ஆடிப் பாடியவர்தான் 'ஃபகிரா' நாவலையும் எழுதினார். 1959ல் வந்த அந்த நாவலை அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். அதற்கு முந்தைய வருஷம், 1958ல், பம்பாயில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்தவரும் அவரே. வாழ்ந்தது காட்கோபர் குடிசைப் பகுதியில். எழுதிய நாவல்கள் முப்பதுக்கு மேல். முதலில் கூட்டம் இருந்தது, அப்புறம்தான் புத்தகம். இந்த வரிசை முக்கியம்.

கூட்டம் கொடுக்கவும் செய்யும், பறிக்கவும் செய்யும். பாமாவின் 'கருக்கு' 1992ல் வந்தது. நாவலா தன்வரலாறா என்று பண்டிதர்கள் முடிவு பண்ணட்டும். மடத்தைவிட்டு வெளியேறி, கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற நேரத்தில், நண்பரான பாதிரியார் ஒருவர் எழுது எழுது என்று தூண்டினார். மதுரை சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் புத்தகமாகப் போட்டது. நாலு பேர் பிடித்துக்கொண்ட ஏணியில்தான் அவரும் ஏறினார். ஆனால் புத்தகம் வந்ததும் சொந்த ஊர்ச் சனமே கோபப்பட்டது. எங்களை இப்படி அசிங்கப்படுத்திட்டியே என்றது. கொஞ்ச காலம் அவர் ஊருக்குள் போக முடியவில்லை. படித்த இளவட்டங்கள் பெரியவர்களிடம் புத்தகத்தை விளக்கிச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது.

சிவகாமி நாவலுக்கும் அப்படித்தான். தங்கம் என்கிற கைம்பெண்ணைப் பரஞ்சோதி உடையார் கெடுத்ததும், அவள் அடிபட்டு வந்து நிற்பதும் எழுதப்பட்டபோது நம்மவர்கள் சரி என்றார்கள். அடைக்கலம் கொடுத்த நம் சாதித் தலைவர் காத்தமுத்துவின் யோக்கியதையும் எழுதப்பட்டபோது முகம் சுளித்தார்கள். எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்றார்கள். 'கோவேறு கழுதைக'ளை நோக்கியும் இதே கேள்விதான் வந்தது: புதிரை வண்ணாரைப் பறையர் நடத்திய விதத்தை இப்போது ஏன் எழுத வேண்டும்? சிவகாமி பிற்பாடு தன் நாவலைத் தானே குறுக்கு விசாரணை செய்து ஒரு தொடர்ச்சியும் எழுதினார். 2006ல் இரண்டும் அவருடைய மொழிபெயர்ப்பிலேயே ஆங்கிலத்தில் ஒரே புத்தகமாக வந்தன. சொந்த ஊர் மனிதர்களை எழுதியவருக்கு அந்த விசாரணை ஓயாது போலிருக்கிறது. 1995 முதல் 'புதிய கோடாங்கி'யில் அவர் புதியவர்களுக்குப் பக்கம் ஒதுக்கியதையும் இந்த இடத்தில் சேர்த்தே சொல்ல வேண்டும். பத்திரிகையும் ஒருவகைக் கூட்டம்தான்.

அமெரிக்காவில் 1999ல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேர் சேர்ந்து ஒரு பந்தயம் கட்டினார்கள். ஒரே மாசத்தில் ஐம்பதாயிரம் வார்த்தையில் நாவல். பிறகு அது நவம்பர் மாதத்துக்கு மாறி, உலகம் முழுக்கப் பரவி, லட்சக்கணக்கான பேர் சேர்ந்தார்கள். ஊர் ஊருக்கு ஒரு பொறுப்பாளர், டீக்கடையிலும் நூலகத்திலும் கூடி உட்கார்ந்து எழுதுவது என்று நடந்தது. 2025ல் அந்த அமைப்பு மூடப்பட்டுவிட்டது. அதைப் பற்றிப் பல புகார்கள் உண்டு, நமக்கு வேண்டாம். ஆனால் அதன் மையத்தில் இருந்தது நமக்குத் தெரிந்த சங்கதிதான்: தனியாக உட்கார முடியாதவன் பத்துப் பேரோடு உட்கார்ந்தால் உட்காருவான். நடவும் களையெடுப்பும் அப்படித்தானே.

எங்கள் பக்கம் இதைச் செய்து பார்த்தோம். நவம்பர் சரிப்படவில்லை. ஐப்பசி கார்த்திகை மக்காச்சோளக் காட்டில் களையும் உரமும் வைக்கிற காலம், மார்கழி தையில் பருத்தி எடுப்பு. பருத்திமார் பிடுங்கிப் போட்ட பிறகு, பங்குனி சித்திரையில் அறுபது நாள் என்று வைத்துக்கொண்டோம். வார்த்தை எண்ணுவது நமக்கு ஒத்துவராது, ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் இங்கிலீஷின் மூன்று சொல் உட்கார்ந்திருக்கும். ஒரு நாளைக்கு நோட்டில் ரெண்டு பக்கம், அவ்வளவுதான். ஒன்பது பேர். ராத்திரி ஏழரை மணிக்கு மேல் சமுதாயக் கூடத்து வராந்தா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதினதை உரக்கப் படிக்க வேண்டும், தெருச்சனம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஆம்பிளைகள் உட்காருவதற்கு ஒன்றும் பெரிய ஏற்பாடு தேவைப்படவில்லை. பெண்களுக்குத்தான் தேவைப்பட்டது. எறையூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு தங்கச்சி, போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் போனிலேயே எழுதியது. வீட்டில் எழுத முடியாது. "என்னாடி நோண்டிக்கிட்டே இருக்கிற, என்னையும் எழுதறியா?" என்று மாமியார் கேட்குமாம். அப்புறம் அந்த அறுபது நாளும் மூன்று வீட்டுச் சோறு முறைவைத்து ஒரே வீட்டில் பொங்குவது என்று பெண்களே பேசி முடிவு பண்ணினார்கள். இலக்கிய உதவி என்று நான் கண்ணால் பார்த்தது அதுதான். விருதுக் குழுக்கள் இதை உதவி என்று எண்ணுமா தெரியாது. பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்டது. அதற்குப் பெங்களூரில் உள்ள ஒரு கலை அறக்கட்டளையின் நிதி கிடைத்தது. 2014ல் சாகித்ய அகாதெமி விருதும் வந்தது. அதுமாதிரி நல்கைக்கு விண்ணப்பம் எழுதவே ஒருத்தர் படித்திருக்க வேண்டும். மூன்று வீட்டுச் சோற்றுக்கு விண்ணப்பம் வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததைத்தான் நான் விரிவாக எழுத வேண்டும். ஒரு தம்பி, அவன் பிறப்பதற்கு முந்தி தெரு எரிந்த ராத்திரியை எழுதியிருந்தான். இடி, மின்னல், கொட்டுகிற மழை, அதற்குள் அலறல் என்று நன்றாகவே எழுதியிருந்தான். பின்வரிசையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா ஒன்று நிறுத்தச் சொன்னது. "ஏன் சாமி, அன்னிக்கி ஏது மழ? மழ பேஞ்சிருந்தா குடிச எரிஞ்சிருக்குமா?" என்றது. அவ்வளவுதான், சபை கலைந்துபோச்சு. எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், யார் வீட்டுப் போர் முதலில் பற்றியது, கன்றுக்குட்டியை யார் அவிழ்த்துவிட்டது என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ராத்திரி பதினோரு மணி. அந்தத் தம்பி படிப்பதை விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்தான். எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராலும் போட முடியாத திருத்தம் அது.

இதை ஏன் அவசரம் என்கிறேன் என்றால், 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாளன்று பொன்பரப்பியில் நம் சனத்தின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. பேப்பர்கள் சில நாள் எழுதின, வீடியோ ஓடியது, அடுத்த செய்தி வந்தது. 2017ல் குழுமூர் அனிதா செத்தபோது எத்தனையோ கவிதைகள் வந்தன. ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் 1176 மார்க் வாங்குகிற வரைக்கும் அந்த வீடும் அந்தத் தெருவும் என்னவெல்லாம் கடந்து வந்தது என்பதைக் கவிதை சொல்லி முடியாது. அதற்குப் பக்கம் வேண்டும். செய்திக்கும் வழக்குக் கட்டுக்கும் வெளியே விழுந்துவிடுகிறவற்றைப் பொறுக்குகிற வேலை அது. வெற்றிலை இடிக்கிற ஆயாக்கள் இருக்கிறவரைக்கும்தான் அதைச் சரிபார்க்கவும் முடியும்.

ஒன்பது பேரில் அறுபது நாளும் தாக்குப்பிடித்தது நாலு பேர். ஒருவன் நடுவில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், நோட்டையும் கொண்டுபோயிருக்கிறான். ஷூ கம்பெனித் தங்கச்சி பதினாலு அத்தியாயம் முடித்தது. பதினோராவது அத்தியாயத்தில் சங்கத்துத் தலைவர் ஒருத்தர் மேடையில் விடுதலை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து பெண்டாட்டியை உதைக்கிறார். அதைப் படித்த ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் பெரிய சண்டை. ஊர்க்காரன் சிரிப்பான், எடுத்துடு என்றார்கள் ஆம்பிளைகள், அதில் ரெண்டு பேர் மேடையில் பேசுகிறவர்கள். பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் சத்தமே இல்லை. அப்புறம் அந்தத் தங்கச்சியின் மாமியார்தான் எழுந்தது. "அது எழுதினதுல என்னா பொய்யி? சொல்லுங்க, எடுத்துடச் சொல்றேன்" என்றது.

யாரும் சொல்லவில்லை. அத்தியாயம் அப்படியே இருக்கிறது. இப்போது டைப் அடிக்கக் கொடுத்திருக்கிறோம், பதினைந்தாவது அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறது.